ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருகிறவர்களிடமிருந்து அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சென்ற மாதம் கேட்டவர் பாலக்கரையைச் சேர்ந்த ஒரு பாய். வயது 54. ஒன்றரை வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 61 என்று வந்தது. தாளில் 'நார்மல்: 130-க்குக் கீழ்' என்று அச்சடித்திருந்தது. நார்மலில் பாதிக்கும் கீழே வந்துவிட்டோம், இனி எதற்கு என்று அவரே முடிவெடுத்து, கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை விடவில்லை. அது ஹார்ட்டுக்கு, இது கொழுப்புக்கு என்பது அவர் கணக்கு.

பத்து மாதம் கழித்து, மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்று மகன் அழைத்து வந்தார். எல்.டி.எல். 142. மறுபடி ஆஞ்சியோ செய்ததில் முன்பு அடைத்த குழாய் நன்றாகவே இருந்தது. வேறொரு குழாயில் புதிதாக அடைப்பு. "அத்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்று மகன் வருத்தப்பட்டார். மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்து மாதம் அவர் பாதுகாப்பு இல்லாமல் இருந்தார் என்பது உண்மை.

படிப்பறிவு இல்லாதவர் அல்ல அவர். இருபது வருடமாகக் கடைக் கணக்கு எழுதுகிறவர். தாளில் உள்ள எண்ணை வைத்து அவர் போட்ட கணக்கு யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம். இதய நோயாளிகளின் கொலஸ்ட்ராலை டாக்டர்கள் எப்படிக் கையாள்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை எங்களால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்கிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முதலில் அந்த 'நார்மல்' விஷயம். லேப் தாளில் உள்ள எல்லை, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத ஒருவருக்குப் பொதுவாகச் சொல்வது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும், பைபாஸ் செய்தவருக்கும் அந்த எல்லை பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் நம் நாட்டுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி இதய ரத்தக்குழாயில் அடைப்பு உறுதியானவர்கள் மிக அதிக ஆபத்துப் பிரிவில் வருகிறார்கள். அவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே பாலக்கரை பாய்க்கு வந்த 61 என்பது நார்மலுக்குக் கீழே இல்லை, அவருக்கு உரிய எல்லைக்கு இன்னும் கொஞ்சம் மேலே. மாத்திரை சாப்பிட்டு வந்த எண் அது. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண் சரியாகிவிட்டது என்று நாம் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

ஏன் இவ்வளவு கீழே கொண்டுபோகச் சொல்கிறார்கள்? சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவது போல ரத்தக்குழாய் அடைக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நடப்பது வேறு. எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகின்றன. அங்கே வீக்கம் உண்டாகி, கொழுப்பு நிறைந்த ஒரு புடைப்பு வருடக்கணக்கில் வளர்கிறது. அதன் மேல்தோல் மெல்லியதாக இருந்தால் ஒருநாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வெடிக்கும் புடைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. முப்பது, நாற்பது சதவீத அடைப்புதான் என்று சொல்லப்பட்ட இடமும் வெடிக்கலாம்.

ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறந்து வைக்கிறது. நோயோ குழாய்கள் முழுக்க இருக்கிறது. 2022-23ல் காவிரிப் பாலத்தை மாதக்கணக்கில் மூடி வேலை பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் இடையே சுற்றிச் சுற்றிப் போனோம். பாலம் திறந்தபோது ஊரில் உள்ள மற்ற எல்லாப் பாலங்களும் அதோடு சரியாகிவிட்டன என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் ஸ்டென்ட் விஷயத்தில் மட்டும் அப்படி எண்ணிவிடுகிறோம். மற்ற இடங்களில் உள்ள புடைப்புகள் வளராமல் பார்த்துக்கொள்வதும், அவற்றின் மேல்தோலைக் கெட்டியாக்கி வெடிக்காமல் காப்பதும் இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை செய்யும் வேலை. ஆக இதுவும் ஹார்ட் மாத்திரைதான்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போகிறவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே 14 மாத்திரைகளைக் கொடுத்து விழுங்கச் சொல்கிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு. மீதி எட்டும் அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் மாத்திரைகள். அதாவது கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் 80 மில்லிகிராம். அந்த நேரத்தில் அவருடைய கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இந்த மாத்திரைகளுக்கு ஸ்டாடின் என்று பெயர். இவற்றின் தொடக்கம் ஒரு பூஞ்சணத்தில் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 2024 ஜூனில்தான் தமது 90-வது வயதில் அவர் காலமானார். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. ஸ்டாடின் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் போதாமல் போகவே, கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் கல்லீரல் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். 61 மறுபடி 142 ஆனது இப்படித்தான்.

பலன் எவ்வளவு என்பதற்கு 1994-ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வைச் சொல்லலாம். ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டாடினும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் கவனித்ததில், மருந்தில்லாத பிரிவில் 256 பேர் இறந்திருந்தார்கள். ஸ்டாடின் பிரிவில் 182 பேர். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறைகின்றன என்று தெரிந்தது.

டாக்டர்கள் போகும் படிகள் இவை. மாரடைப்பு வந்தவருக்குத் தொடக்கத்திலேயே வலுவான அளவில் ஸ்டாடின் கொடுக்கிறார்கள். அட்டோர்வாஸ்டாடின் என்றால் 40 அல்லது 80 மில்லிகிராம், ரோசுவாஸ்டாடின் என்றால் 20 அல்லது 40. இது எல்.டி.எல்.லைச் சுமார் பாதியாக்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இலக்கு எட்டவில்லை என்றால் ஸ்டாடினை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவதில் லாபம் குறைவு. அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக ஆறு சதவீதம்தான் குறையும். அதனால் எசெடிமைப் 10 மில்லிகிராமைச் சேர்க்கிறார்கள். அது குடலிலிருந்து கொலஸ்ட்ரால் உள்ளே போவதைத் தடுத்து, இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். 140-ல் தொடங்கியவர் ஸ்டாடினால் 70-க்கும், எசெடிமைப் சேர்ந்து 56-க்கும் வருவார் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். அதன் பிறகும் போதவில்லை என்றால், அல்லது ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது.

கடைசிப் படி ஊசி. எவோலோகுமாப் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்கிளிசிரான் என்பதை முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து ஓர் ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று போடுகிறார்கள். இரண்டுமே எல்.டி.எல்.லைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும் வலு உள்ளவை. விலையோ மிக அதிகம். இந்த ஊசிக்காக ஜகாத் நிதியிலிருந்து உதவி கேட்டு எங்களுக்கு விண்ணப்பங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. உண்மையில் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பங்களோடு வந்த சீட்டுகளைப் பார்த்தால், சிலர் ஸ்டாடினை முழு அளவில் சாப்பிட்டதே இல்லை, எசெடிமைப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. மலிவான இரண்டு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்க்காமல் ஊசிக்குப் போவது அந்தக் குடும்பத்துக்கும் நல்லதல்ல, அடுத்து வரிசையில் நிற்கும் ஏழைக்கும் நல்லதல்ல. இது எங்கள் கருத்து.

இனி பயங்கள். ஸ்டாடின் சாப்பிட்டால் கைகால் வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். லண்டனில் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு நடந்தது, 2020-ல் முடிவு வந்தது. ஸ்டாடினால் தொல்லை என்று நிறுத்திய 60 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு புட்டி. நாலில் ஸ்டாடின், நாலில் அதேபோல் தோற்றமுள்ள மருந்தில்லா மாத்திரை, நாலு காலி. மாதத்துக்கு ஒரு புட்டி. மாத்திரை இல்லாத மாதங்களில் தொல்லை குறைவு. ஆனால் மருந்தில்லா மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் ஸ்டாடின் மாதங்களில் இருந்த தொல்லையில் 90 சதவீதம் இருந்தது! வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், அது பெரும்பாலும் மருந்தின் வேலையால் வரவில்லை, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. விஷயம் தெரிந்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாடின் சாப்பிடத் தொடங்கினார்கள்.

மருந்தாலேயே தசைவலி வருகிறவர்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவார், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார். தைராய்டு குறைவாக இருந்தாலும் தசைவலி வரும், கொலஸ்ட்ராலும் ஏறும், அதையும் பார்த்துக்கொள்வது நல்லது. கடுமையான தசைவலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், இது மிக அரிது. கல்லீரல் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் மிகக் குறைவு. சர்க்கரை கொஞ்சம் ஏறலாம் என்பது உண்மைதான், ஆனால் சர்க்கரை நோயாளிக்கும் இதனால் கிடைக்கும் பாதுகாப்பு பல மடங்கு பெரிது. வேறு ஏதாவது ஆன்டிபயாடிக்கோ பூஞ்சை மருந்தோ எழுதினால், ஸ்டாடின் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலவற்றோடு சேர்ந்தால் ஸ்டாடினின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

கருஞ்சீரகமும் பூண்டும் சாப்பிடுகிறோம், மாத்திரை எதற்கு என்றும் கேட்கிறார்கள். கருஞ்சீரகத்தின் மீது நமக்குள்ள பற்றை நாங்கள் குறைத்துப் பேசவில்லை, எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். மாரடைப்பு வந்த ஒருவரின் எல்.டி.எல்.லைப் பாதியாக்கும் வலு அதற்கு இல்லை. நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கத்துக்கு மாறானதல்ல என்பதை உலமாக்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கேப்சூல் பற்றிய சந்தேகமும் நியாயமானது. ஸ்டாடின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். அதன் உறை ஜெலட்டினா என்று மனதில் உறுத்தினால் மருந்தையே விட்டுவிட வேண்டாம். மூன்றையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள், எழுதித் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, வாங்கிய கேப்சூலை மூன்று மாதம் பிரிட்ஜ் மேல் வைத்திருந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும்.

நோன்பு மாதத்திலும் இந்த மாத்திரைக்குச் சிக்கல் இல்லை. அட்டோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் ஒருநாளுக்கு ஒருமுறைதான், எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் வேலை செய்யும். தராவீஹ் முடித்து வந்து சாப்பிடலாம், சஹரிலும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. இதய நோயாளி நோன்பு வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அண்மையில் மாரடைப்பு வந்தவரும் ஸ்டென்ட் வைத்தவரும் ரஜப் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும், பிறை தெரிந்த பிறகு அல்ல.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். உணவுக் கட்டுப்பாட்டால் எல்.டி.எல். பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கலாம். மாத்திரைக்கு அது மாற்றாகாது, துணை. நம் நோன்புக் கஞ்சி, பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்ட நல்ல உணவு. அதற்குப் பக்கத்தில் வைக்கும் சமோசாவும் வடையும், மறுநாளும் சுட வைக்கும் அதே எண்ணெயும்தான் கவலை. வனஸ்பதி, நெய் இரண்டையும் குறைக்கலாம். ஆட்டு மூளை 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்குச் சத்து என்று அதைப் பிரியமாகப் பொரித்துக் கொடுப்பதை நிறுத்தலாம். குர்பானி இறைச்சியைக் கொழுப்பு நீக்கி, அளவாகச் சாப்பிடலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை விடுவதற்கு ஈடாக எந்தப் பத்தியமும் இல்லை.

செலவு காரணமாக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். ஸ்டென்ட் காப்பீட்டில் முடிந்துவிடும், மாத்திரை மாதாமாதம். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகமும் உதவும். அங்கே கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும், வேலை அதேதான். இன்னொன்று, சீட்டில் 40 மில்லிகிராம் என்று இருந்து கையில் 10 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தால் நான்கு விழுங்க வேண்டும். தவறாக நிறையக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒன்றை மட்டும் சாப்பிட்டு, மீதியைப் பத்திரப்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறோம். சந்தேகம் இருந்தால் மருந்து கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணவருக்கு உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் தனியாக ஆக்கிக் கொடுக்கும் தாய்மார்கள் தங்கள் ரத்தத்தை ஒருமுறைகூடப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் எல்.டி.எல். ஏறுகிறது. அவர்களுக்கு வரும் மாரடைப்பு நெஞ்சுவலியாக இல்லாமல் மூச்சுத் திணறலாக, அசதியாக, வாயுத் தொல்லை போல வருவதும் உண்டு.

பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். உலகத்தின் மற்ற பகுதிகளை விட தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. தந்தைக்கு 55 வயதுக்குள்ளோ தாய்க்கு 65 வயதுக்குள்ளோ இதய நோய் வந்திருந்தால் மகன், மகள் எல்லோரும் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரம்பரைக் கொழுப்பையும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறது 2024 வழிகாட்டு நெறி. எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் அது சாப்பாட்டால் வந்ததாக இல்லாமல் பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். இந்தக் கோளாறு பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து மிகக் கடுமையாக வரக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். சிறு குழந்தைக்கு முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பு ஆகிய இடங்களில் மஞ்சளாகக் கட்டி போல் தடித்திருந்தால் தோல் நோய் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாலக்கரை பாய்க்கு இப்போது ஸ்டாடினோடு எசெடிமைப்பும் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் எல்.டி.எல். 52. தாளைக் கொண்டுவந்து காட்டினார். பின்பக்கத்தில் மகன் பெரிய எழுத்தில் 'நிறுத்தக் கூடாது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மகனுக்கு வயது 29. அவருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறோம், இன்னும் செய்யவில்லை.

எங்கள் உதவிப் பிரிவுக்கு வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் தாள், கடைசி இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். தீர்ந்துபோன காலி அட்டைகளையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள்.